நாற்பதாவது முளை

கோகாத்தியர் தோளில் ஏறுவது பொன்.
கெர்சோனியர் வண்டியில் இளநீலம், இரத்தாம்பரம்.
மெராரியின் பிள்ளைகளாகிய எங்களுக்கோ
பலகை, தாழ்ப்பாள், தூண், பாதம்,
அப்புறம் முளை, கயிறு.
நாலு வண்டி, எட்டு மாடு, அச்சு முனகும் ஓயாத சத்தம்.
மெராரி என்றால் கசப்பு என்பார்கள்.
கயிற்றை முடியும்போது
முளையைப் பல்லில் கவ்விப் பார்த்தவனுக்கு
அந்தப் பெயரில் ஆச்சரியம் இல்லை.
வெண்கலமும் கசக்கும்.

பிரகாரத்தின் வடபுறம் என் பொறுப்பு.
முளைகள் நாற்பது.
ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறேன்:
கூனன், மொண்ணை, இரட்டையர்,
தலை பிளந்தவன், மழையில் அடித்தது.
எகிப்தில் செங்கல் எண்ணியவன் நான்.
அங்கே ஒன்று குறைந்தால் முதுகு தோல் உரியும்.
இங்கே குறைந்தால் யாரும் அடிக்கமாட்டார்கள்.
அதனால்தான்
இங்கே இரண்டு முறை எண்ணுகிறேன்.

அன்று மேகம் நடுச்சாமத்தில் எழும்பியது.
அடுப்பில் மன்னா பாதி வெந்திருந்தது.
எப்போது எழும்பும், எத்தனை நாள் தங்கும்,
அதனிடம் கேட்டவர் யார்?
எக்காளம் ஊதியது; இருட்டிலே பிடுங்கினோம்,
இருட்டிலே கட்டினோம், நடந்தோம்.
யூதாவின் கொடி முன்னே, தாணின் கொடி கடைசியில்,
நடுவே நாங்கள், எங்கள் புழுதியை நாங்களே தின்றுகொண்டு.

மேகம் நின்ற இடத்தில் சரளை.
தூண்களை நிறுத்திவிட்டு எண்ணினேன்.
முப்பத்தொன்பது.
சாக்கை உதறினேன், மாட்டின் காலடியில் தடவினேன்.
கூனனைக் காணோம்.
கோகாத்தியர் நெருங்கிவிட்டார்கள், மூடின சுமைகளோடு,
தண்டு தோளை அழுத்த, பேச்சில்லாமல்.
கயிறு ஒன்று மட்டும் காற்றில் துடித்தது.

அதைப் பிடித்தேன்.
மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி
குதிகாலைச் சரளைக்குள் அழுத்தி நின்றேன்.
எலியாதா என்றழைக்கப்படுகிறவன்
அந்தப் பகல் முழுதும் முளை என்றழைக்கப்பட்டான்.

இருபது வருஷம் சுமந்தும்
உள்ளே எரியும் விளக்கை நான் கண்டதில்லை.
காணவும் கூடாது, அது என் பங்கில்லை.
ஆனால் முதுகைத் திருப்பி நின்ற அன்று
கயிறு வழியே ஒன்று வந்துகொண்டிருந்தது:
காற்று திரையில் மோதுவது,
திரை தூணை அசைப்பது,
தூண் என் தோள்மூட்டைக் கேட்பது,
இருக்கிறாயா, இருக்கிறாயா என்று.
இருக்கிறேன் என்றேன்.
காற்றுக்குத்தான் சொன்னேனா, தெரியாது.

பொழுது சாய்ந்தபோது
தாண் பாளயத்திலிருந்து ஒருத்தி வந்தாள், அசுபாள் என்று பெயர்.
"பழைய இடத்தில் மணலுக்குள் கிடந்தது,
எல்லாருக்கும் பின்னால் வருகிறவர்கள் நாங்கள்தானே" என்றாள்.
வளைந்த கழுத்து. கூனன்தான்.
அதில் ஆட்டுமயிர் ஒட்டியிருந்தது.
"வந்ததும் குட்டியைக் கட்டிவைத்தேன்," என்றாள்,
"யாருடையது என்று அப்போது தெரியாது."

என் நாக்கு உலர்ந்தது.
பரிசுத்தமானதில் ஆடு கட்டுவதா?
கோபத்துக்குச் சொல் தேடினேன், அகப்படவில்லை.
அவள் கால் கொப்புளம் உடைந்து
மணல் ஒட்டி இருந்தது.
அந்தக் காலோடு திரும்பிப் போகாமல்
எங்கள் வண்டித்தடம் பார்த்து வந்திருக்கிறாள்.

ஆசாரியரிடம் உள்ளதைச் சொன்னேன்.
தண்ணீரில் கழுவச் சொன்னார்,
மறுபடி கழுவச் சொன்னார்,
பிறகு, "அடி" என்றார்.

ஆட்டைப் பிடித்த கழுத்து
உன் திரையைப் பிடித்தது, ஆண்டவரே.
நீ குடியிருக்க வந்த இடம்
ஆட்டுக்குட்டிகளும் கொப்புளங்களும் உள்ள இடம்.
இது உனக்குத் தெரியாமலா
பொன்னுக்கு அருகே எங்கள் கசப்பையும் எழுதிவைத்தாய்?

அடுத்த மாதம் எனக்கு ஐம்பது.
சுத்தியலை இளையவனிடம் கொடுத்துவிடுவேன்.
மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு
இரண்டு சுற்று, இன்னும் மறையவில்லை.
இராத்திரியில் படுத்தபடியே எண்ணுகிறேன்:
மொண்ணை, இரட்டையர், தலை பிளந்தவன்…
நாற்பது வந்தபிறகும்
விரல் நிற்பதில்லை.